கூட்டுத்தொகை ஆறு

அழுத்தாதீங்க! ஏனுங்க சார், கையை எடுங்க. எடுங்கன்னு சொல்றேன். நீலக் கலர்ல அடிக்கோடு போட்டு ஒண்ணு இருக்குது பாருங்க, அதுமேல வெரல் பட்டுறக் கூடாது. பட்டுச்சா? படலையே? அப்பத் தப்பிச்சீங்க போங்க.

கோவிச்சுக்காதீங்க. அடுத்தவங்க போனை எட்டிப் பாக்கறது மரியாதை இல்லதான். ஆனா பக்கத்து சீட்டுல ஒருத்தர் கெணத்துல காலை வைக்கறப்ப, நான் சன்னல் பக்கம் திரும்பி வேப்பமரத்தையா பாத்துட்டு வர முடியும்? என்ன எழுதியிருக்குதுன்னு நானே சொல்லட்டுமா? 'தங்கள் விளையாட்டுக் கணக்கில் முடங்கியுள்ள தொகையைத் திரும்பப் பெற இன்றே கடைசி நாள். கீழே உள்ள இணைப்பை அழுத்தவும்.' அதானுங்களே? நான் உங்க போனைப் பாத்துப் படிக்கலைங்க, எனக்கு அது மனப்பாடம்.

ரம்மிங்களா? அட, சொல்லுங்க, இதுல என்ன வெக்கம். இந்த பஸ்சுல போன்ல சீட்டு ஆடாத ஆளுன்னு பாத்தா டிரைவரு ஒருத்தருதான் இருப்பாரு. அவருக்கும் ரெண்டு கையும் ஸ்டியரிங்ல மாட்டிக்கிச்சு, அதனாலதான். சட்டம் வந்து எல்லா ஆட்டத்தையும் இழுத்து மூடுனாங்களே, அன்னையிலருந்து இந்த மாதிரி மெசேஜ் மழையா ஊத்துதுங்க. உள்ள போட்ட காசு மாட்டிக்கிச்சேன்னு ஒரு தவிப்பு இருக்குது பாருங்க, அந்தத் தவிப்புதான் திருடனுக்கு மொதலு. நம்ம காசு நமக்குத் திரும்பி வருதுன்னு சொன்னா எவன் வேண்டாம்பான்?

என்ற பேரு நாச்சிமுத்துங்க. தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, செருப்புக்கடை மாடியில, 'எண்கணித மாமணி'ன்னு ஒரு போர்டு தொங்கறதைப் பாத்திருப்பீங்க. பாத்ததில்லையா? பரவாயில்லைங்க. பேரு மாத்தி வைக்கறது, வண்டிக்கு நம்பர் பாக்கறது, கடைக்குப் பேரு. அப்புறம் இந்த நாலஞ்சு வருசமா ரம்மி ஆடறவங்களுக்கு ஐடி பேரு வெச்சுக் குடுக்கறது. ஆமாங்க, ஆட்டத்துக்குள்ள ஒரு பேரு வெச்சுக்கோணுமில்ல, அது. பொறந்த தேதிக்குப் பொருந்தற மாதிரி ரெண்டு எழுத்தை முன்னப்பின்ன போட்டு, கூட்டிக் கழிச்சுக் குடுப்பேன். ஜெயிச்சவன் திரும்பி வந்து காலைத் தொட்டுக் கும்புடுவான். தோத்தவன் வரமாட்டான். அதை வெச்சுப் பாத்தா என்ற கடையில தோத்தவனே கெடையாதுங்க.

இந்த மோசடிக்காரனை எப்படி அடையாளம் கண்டுக்கறதுன்னு கேக்கறீங்களா? கேளுங்க. நான் பட்டவன் சொல்றேன். அதாவது நான் படலைங்க, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பட்டாரு. மொத விசயம், அவசரம். இன்னைக்கே கடைசி, இன்னும் ஒரு மணி நேரந்தான், இப்ப விட்டாப் போச்சு, இப்படி நம்மளை முடுக்கிட்டே இருப்பான். நெசமான கம்பெனிக்காரன் நமக்குக் காசு குடுக்க எந்தக் காலத்துல அவசரப்பட்டிருக்கறான்? அப்புறம் காசு வாங்கறதுக்கு ரகசிய நம்பரே தேவையில்லைங்க. குடுக்கறதுக்குத்தான் நம்பரு. வாங்கறவன் கையை நீட்டுனாப் போதும். உங்க கிட்ட கார்டு நம்பர் கேட்டான், பின்னாடி இருக்கற மூணு நம்பர் கேட்டான், போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டான்னா, அவன் குடுக்க வரலை, எடுக்க வந்திருக்கறான்.

இன்னொண்ணு. உங்க பேரு அவனுக்குத் தெரியும். ஐடி தெரியும், எவ்வளவு மாட்டிக்கிச்சுங்கறது கூடத் தெரியும். 'அட, நம்ம ஆளுகளுக்குத்தானே இதெல்லாம் தெரியும்'னு நீங்க நம்புவீங்க. எங்க மாப்பிள்ளை அங்கதானுங்க விழுந்தாரு.

ஆமாங்க, மாப்பிள்ளைதான். என்ற தங்கச்சி ஊட்டுக்காரரு. தெரிஞ்ச ஒருத்தர்னு சொன்னேன்ல, தெரியாதவரா என்ன? தனபாலுன்னு பேரு. வெள்ளகோவில்ல எண்ணெய் மில்லுல சூப்பர்வைசரு. தங்கமான மனுசன், வெத்தலை கூடப் போடமாட்டாரு. டீ குடிக்கற நேரத்துல மட்டும் ரெண்டு கை ரம்மி. நான் வெச்சுக் குடுத்த பேருலதான் ஆடுனாரு. ஆட்டத்தை மூடுனப்ப அறுவத்திரெண்டாயிரம் உள்ள நின்னுபோச்சு. அத்தனையும் ஜெயிச்ச காசு. அவரு ஆடுனது சும்மா பேருக்குங்க, ஜெயிச்சது நான் வெச்ச ஐடி.

ஒரு நாள் காலையில பத்து மணி இருக்கும், போன் பண்றாரு. "மச்சான், கம்பெனியிலருந்து மெசேஜ் வந்திருக்குதுங்க. காசைத் திருப்பித் தர்றாங்களாம். அழுத்தட்டுங்களா?"ன்னாரு. அந்த மனுசன் எதையும் கேக்காமச் செய்யமாட்டாருங்க. வண்டி வாங்கறப்பக் கேட்டாரு, மாடு வாங்கறப்பக் கேட்டாரு. நானும் இதுல என்ன தப்புன்னு, "அனுப்புன நம்பரைச் சொல்லுங்க மாப்ள"ன்னேன். சொன்னாரு. கூட்டிப் பாத்தேன். ஆறு! அவருக்கு ஆறுங்க சார், சுக்கிரன். இருவத்திநாலாந் தேதி பொறந்தவரு. ஆறு வந்தா அவருக்குக் காசு வருதுன்னு அர்த்தம். நான் சாஸ்திரத்துல இருக்கறதைச் சொன்னேன்.

அவரு அழுத்திட்டாரு. பக்கம் தொறந்துச்சு. அப்படியே அந்த ஆட்டத்தோட அதே கலரு, அதே பொம்மை, அதே சீட்டு. கார்டு நம்பர் கேட்டான், போட்டாரு. ஓடிபி வந்துச்சு. அப்பத்தானுங்க மனுசன் நின்னாரு. "மச்சான், இதை யாருக்கும் சொல்லாதீங்கன்னு இதுலயே எழுதியிருக்குதுங்களே"ன்னாரு. எனக்குக் கேக்குது, அந்தப் பக்கம் மில்லு ஓடற சத்தத்துக்கு நடுவுல. நான் கேட்டேன், "நம்பர் என்ன?" நாலு, ஒண்ணு, ஏழு, சைபர், ஒம்பது, மூணு. கூட்டிப் பாருங்க. நீங்களே கூட்டுங்க. இருவத்திநாலு! அவரு பொறந்த தேதி! ரெண்டும் நாலும் ஆறு! எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சுங்க. இருவத்தெட்டு வருசத் தொழில்ல இப்படி ஒரு பொருத்தம் நான் பாத்ததில்லை. கல்யாணப் பொருத்தமே இப்படி அமையாது. கூட்டுத்தொகை நல்லா இருக்குதுங்க மாப்ளன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவரு குடுத்துட்டாரு.

ஒன்னேமுக்கால் லச்சம். மூணு தடவையா எடுத்துட்டான்.

கேளுங்க, இனிமேத்தான் கதையே இருக்குது. அந்தக் காசு எதுக்கு வெச்சிருந்த காசு தெரியுங்களா? காதுகுத்துக்கு. ஏழு வருசம் கோயில் கோயிலா ஏறி எறங்கிப் பொறந்த பையன். மகிழன்னு பேரு. பேரு நான் வெக்கலை, அவியளே வெச்சுக்கிட்டாங்க, அது கெடக்கட்டும். மூணு வயசாகுது. கெடா வெட்டி, ஐநூறு பேருக்குச் சோறு போட்டுக் காது குத்தோணும்னு மாசாமாசம் போட்டு வெச்ச காசு அது.

ரெண்டாம் நாளு கோகிலா வந்துட்டா, என்ற தங்கச்சி. பையனை இடுப்புல வெச்சுட்டு மாடிப்படி ஏறி வர்றா. கடையில மூணு பேரு உக்காந்திருக்கறாங்க. அதுல ஒருத்தரு ரைஸ்மில் மொதலாளி. அவ யாரையும் பாக்கலை. என்ற முன்னால வந்து நின்னு ஒரே ஒரு கேள்வி. "குடுக்கச் சொன்னது யாரு?"ன்னா.

நான் என்னங்க சொல்றது? "அம்மிணி, நான் கூட்டுத்தொகையைத்தான் சொன்னேன், நம்பரைக் குடுத்தது உன்ற ஊட்டுக்காரரு"ன்னேன். உள்ளது அதானுங்களே? அவ பையனை இந்த இடுப்புலருந்து அந்த இடுப்புக்கு மாத்துனா. "அவரு வேண்டாம்னு சொன்னாராமே. நீதான் குடுன்னு சொன்னியாமே. அண்ணா, ஒரே ஒரு தடவை நான்தான்னு சொல்லிரு. நான் இப்படியே போயிர்றேன்"ங்கறா. மூணு கிராக்கி உக்காந்திருக்கறப்ப எப்படிங்க சொல்ல முடியும்? ஒரு டாக்டரு நோயாளிங்க முன்னால நான் ஊசியை மாத்திப் போட்டுட்டேன்னு சொல்லுவாரா? சொன்னா அப்புறம் அவர்கிட்ட யாரு கையை நீட்டுவாங்க? நான் சொல்லலை. அவ வெளிய போனா. போற போக்குல என்ற போர்டைப் பிடிச்சு ஒரு இழு. 'மாமணி' ரெண்டாப் போச்சு. இனி உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்லன்னுட்டுப் படி எறங்கிட்டா. பையன் அவ தோள்மேல இருந்து எனக்குக் கையை ஆட்டிட்டே போறான். அவனுக்கு என்ன தெரியும்.

சரி, தப்போ ரைட்டோ, போன காசைத் திருப்பிக் குடுத்தா அவ வாயை அடைக்கலாம்னு பாத்தேன். அந்தக் கம்பெனியோட கஸ்டமர் கேர் நம்பரை நெட்டுல தேடுனேன். மொதல்ல வந்த நம்பருக்கே போட்டேன். மகாராசன், அவ்வளவு தன்மையாப் பேசுனான். "சார், கவலைப்படாதீங்க, உங்க போன்ல ஒரு ஆப்பை ஏத்துங்க, நான் இங்கிருந்தே பாத்துச் சரி பண்ணிர்றேன்"ன்னான். பாத்தான். சரியும் பண்ணுனான். என்ற கணக்குல இருந்த பதினாலாயிரத்தைச் சரி பண்ணிட்டான். நான் ஏமாந்தேன்னு நெனைக்காதீங்க. அவன் எப்படிச் செய்யறான்னு சோதிச்சுப் பாக்கோணுமில்ல? அந்தச் சோதனைக்குப் பதினாலாயிரம் செலவுங்க, அவ்வளவுதான். வேலியில போற ஓணானைப் புடிச்சு வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டது வேற ஆளுங்க செய்யற வேலை.

அப்புறம் போன வாரத்துக்கு மொத வாரம் நம்மூரு கல்யாண மண்டபத்துல சைபர் கிரைம் போலீசுக்காரங்க ஒரு கூட்டம் போட்டாங்க. நான் கடையைப் பூட்டிட்டு மொத வரிசையில போயி உக்காந்துட்டேன், கையில நோட்டோட. எஸ்.ஐ. அம்மா ஒருத்தங்க. சின்ன வயசுதான், ஆனா என்ன வெவரம்! ஒண்ணு விடாம எழுதிட்டு வந்தேன். புது நம்பரை நம்பாதீங்க. சொந்தக்காரங்க பேருல வந்தாலும் நம்பாதீங்க. லிங்க்கைத் தொடாதீங்க. படம் அனுப்புனாத் தொறக்காதீங்க. பத்திரிகைன்னு சொல்லி அனுப்புவான், தொறந்தீங்கன்னா போனு அவன் கைக்குப் போயிரும். காசு போயிட்டா ஒரு நிமிசம் கூடத் தாமதிக்காம பத்தொம்பது முப்பதுங்கற போலீசு நம்பருக்குக் கூப்புடுங்க, வெக்கப்பட்டுட்டு உக்காந்திருக்காதீங்க. இவ்வளவும் அந்தம்மா சொன்னது. கடைசியில சந்தேகம் இருந்தாக் கேளுங்கன்னாங்க. நான் எந்திரிச்சேன். "ஓடிபியோட கூட்டுத்தொகை நம்ம தேதிக்குப் பொருந்தி வந்தா என்னங்க பண்றது?"ன்னு கேட்டேன். அந்தம்மா மைக்கைக் கிட்ட இழுத்துட்டாங்க. "ஐயா, கூட்டறதை எப்ப வேணாக் கூட்டிக்கங்க, குடுக்கறதை மட்டும் குடுக்காதீங்க"ன்னாங்க. மண்டபமே கைதட்டுச்சு. என்ற கேள்வி அந்த மாதிரிக் கேள்விங்க.

இப்பப் புதுப் போர்டு வெச்சிருக்கறேன். 'எண்கணிதம், பெயர் மாற்றம், சைபர் பாதுகாப்பு ஆலோசனை.' மூணும் ஒரே எடத்துல. காலம் மாறுதுல்லைங்க.

எங்க போறேன்னா கேக்கறீங்க? பழனிக்குத்தான். வேண்டுதல் ஒண்ணுமில்லைங்க. ஊருல இருக்க முடியலை, அதான் கெளம்பிட்டேன். ஏன்னு கேளுங்க. இன்னைக்குத்தானுங்க அந்தப் பையனுக்குக் காதுகுத்து.

ஆமா, இன்னைக்கு. பத்தரைக்கு மேல பதினொன்னரைக்குள்ள. கடன்கிடன் வாங்கிச் சின்னதாச் செய்யறாங்களாம், வெள்ளகோவில் பக்கம் அவங்க குலதெய்வக் கோயில்ல. எனக்கு எப்படித் தெரியும்? பத்து நாளைக்கு முன்னால பூக்கார சரசு சொல்லித் தெரியும். "மாமன்காரரு நீங்க, எத்தனை மொழம் மாலை வேணும்?"னு கேக்கறா சார். பூக்காரிக்குத் தெரியுது, எனக்குத் தெரியலை. ஒரு வார்த்தை சொல்லலைங்க. ஒரு வெத்தலைபாக்கு வெக்கலை. நானும் பத்து நாளா இந்தக் காதுகுத்துக்குச் சொல்ல வருவா, வருவான்னு கடைவாசல்லயே உக்காந்திருந்தேன். மத்தியானச் சோத்துக்குக் கூட எந்திரிச்சுப் போகலை.

உங்க பக்கத்துல எப்படியோ, எங்க பக்கத்துல தாய்மாமன் மடி இல்லாமக் காது குத்த மாட்டாங்க. அண்ணன் தம்பி இல்லாதவங்கதான் பெரியப்பன் மகனை, சித்தப்பன் மகனைப் புடிச்சு உக்கார வெப்பாங்க. கூடப்பொறந்த அண்ணன் குத்துக்கல்லாட்டம் நான் ஒருத்தன் இருக்கறேன். எனக்குன்னு ஊட்டுக்காரியா, புள்ளையா? கட்டிக்கலைங்க. பாத்த பொண்ணு அத்தனையும் எட்டாம் நம்பரு, ராசியில்லைன்னு விட்டுட்டேன். எனக்கு உள்ளது இவ ஒருத்தி. அப்பன் செத்தப்ப அவளுக்கு ஒம்பது வயசு. பள்ளிக்கூடத்துக்குத் தலை சீவி விட்டவன் நான். இன்னைக்கு அந்தக் குமரேசன், எங்க பெரியம்மா மகன், டிராக்டர் விக்கறவன், அவன் மடியிலதான் என்ற மருமகன் உக்காரப் போறான். அவன் மடியில டீசல் நாத்தம் அடிக்குங்க.

இந்தப் பையில என்னன்னா பாக்கறீங்க? தோடு. அரைப் பவுனு. ஒரு சின்னப் பட்டு வேட்டியும் சட்டையும். பத்து நாளைக்கு மொதல்லயே வாங்கி வெச்சுட்டேன். தானாடாட்டியும் தன் சதை ஆடுமில்ல. முருகன் உண்டியல்ல போட்டுட்டு வந்துர்றேன். அவனுக்கும் காது இருக்குது.

போன் பண்ணலையான்னு கேக்கறீங்க. பண்ணாம இருப்பனா? நூறு தடவை பண்ணிட்டேன். சுவிட்ச் ஆஃப். ஆறு மாசமா சுவிட்ச் ஆஃப். மாப்பிள்ளை நம்பரும் அப்படித்தான். என்னைத் தள்ளி வெச்சுட்டாங்க சார், சொந்தத்தைச் சுவிட்ச் போட்டு அணைச்சுட்டாங்க. நேர்ல போனா என்னவா? கூப்பிடாத எடத்துக்கு மாமன்காரன் போவானா? எனக்கும் ரோசம் இருக்குதுல்லைங்க.

மெசேஜா? அவளா? ஒண்ணும் வரலை. வந்தது ஒரு கேடிப்பயகிட்ட இருந்துதான். அட, அதை உங்களுக்குக் காட்டோணுமே! போலீஸ் கூட்டத்துல பாடம் படிச்சுட்டு வந்த அன்னைக்குச் சாயந்திரமே பரீட்சை வந்துருச்சுங்க எனக்கு. இருங்க, எடுக்கறேன். பிளாக் பண்ணி வெச்சிருக்கறேன், அழிக்கலை. கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் இதைத்தான் காட்டறது. இந்தாங்க. படிக்கறேன் கேளுங்க, சிரிப்பு வரும்.

'அண்ணா நான் கோகிலா. இது என்ற புது நம்பர். பழசுக்கு அந்தத் திருட்டுப் பசங்க கூப்பிட்டுட்டே இருந்தாங்கன்னு ரெண்டு சிம்மையும் தூக்கிப் போட்டுட்டோம். மகிழனுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த ஞாயித்துக்கெழமை காது குத்தறோம். நேர்ல கூப்பிடத்தான் ரெண்டு பேரும் வந்தோம், கடை பூட்டியிருந்துச்சு. நடந்ததை விட்டுரு. சீரு ஒண்ணும் வேண்டாம், நீ வந்து மடி குடுத்தாப் போதும். அச்சடிக்கப் போற பத்திரிகையை அனுப்பியிருக்கேன். சாப்பாட்டு மண்டபத்துக்கு வழி இந்த லிங்க்குல இருக்குது. இன்னைக்குள்ள பதில் போடுண்ணா, பத்திரிகை அச்சுக்குப் போகோணும்.'

எப்படி எழுதியிருக்கறான் பாத்தீங்களா! எம்பட பாசையிலயே எழுதறான். பாருங்க, புது நம்பரு. லிங்க்கு. இன்னைக்குள்ளங்கற அவசரம். பத்திரிகைன்னு சொல்லி ஒரு படம். எஸ்.ஐ. அம்மா சொன்னது அத்தனையும் ஒரே மெசேஜுல! இதுல 'சீரு வேண்டாம்'கறான் பாருங்க, அங்கதான் மாட்டுனான். எந்தத் தங்கச்சி சார் தாய்மாமன் சீரை வேண்டாம்பா? கடை பூட்டியிருந்துச்சாம். நான் கடையைப் பூட்டறதே கெடையாதுங்க. அந்தக் கூட்டத்துக்குப் போன ஒரே ஒரு நாளுதான் பூட்டுனேன். எல்லாத்துக்கும் மேல நம்பரைக் கூட்டிப் பாத்தேன். எட்டு. சனி. முடிஞ்சுது.

நாலு தடவை போன் வேற பண்ணுனான், நான் எடுக்கலை. பதில் போடச் சொன்னானேன்னு ஒரே ஒரு பதில் போட்டுட்டுத்தான் பிளாக் பண்ணுனேன். இதோ, கீழ இருக்குது, படிங்க. 'எனக்குத் தங்கச்சியே கிடையாது. வேற ஆளைப் பார்.' எப்படி? இனி அவன் ஜென்மத்துக்கும் வரமாட்டான்.

சிரிங்க சார். என்ன இப்படி முழிக்கறீங்க? நான் என்ன... சார், சார், படத்தைத் தொடாதீங்க, அது மங்கலாத்தான் இருக்கோணும். தொறக்காம வெச்சிருக்கறேன், அதுதான் பாதுகாப்பு. ஐயோ, அழுத்திட்டீங்களே! இவ்வளவு நேரம் தொண்டை கிழியச் சொன்னனே, கேட்டீங்களா? போச்சு, இனி என்ற போனு அவன் கை...

இருங்க. கொஞ்சம் இப்படிக் காட்டுங்க. கண்ணாடியை மாட்டிக்கறேன்.

காதணி விழா. எங்கள் அன்பு மகன் மகிழன். அவனுடைய தாய்மாமன்... எண்கணித மாமணி நாச்சிமுத்து அவர்கள்... மடியில் அமர்த்தி...

மாமணின்னு போட்டிருக்கறா சார். பேருக்கு முன்னால. அவ அதைச் சொல்லி எப்பவும் கேலிதான் பண்ணுவா. போட்டிருக்கறா பாருங்க. ஓரத்துல பையன் படம். என்ற மாதிரியே அவனுக்கும் காது தூக்கிட்டு நிக்குது. அவனேதானுங்க.

நான் எழுதுனதைப் படிச்சிருப்பா. தங்கச்சியே கிடையாதுன்னு எழுதுனதை. பத்து நாளாச்சு. படிச்சுட்டுத்தான் இருந்திருப்பா. நான் வாசல்ல உக்காந்துட்டு அவளைத் திட்டிட்டு இருந்தேன்.

மணி என்னங்க? பத்தரையா? தாராபுரம் திரும்பி அங்கிருந்து வெள்ளகோவில்... ஒன்னரை மணி நேரமாவது ஆகும். போயிச் சேர முடியாதுங்க சார், முடியாது. என்ற போன்ல நம்பர் பிளாக்குல இருக்குது, அதை எப்படி எடுக்கறதுன்னு... போடத்தான் தெரியும், எடுக்கத் தெரியாதுங்க. நீங்க பண்றீங்களா? உங்க போன்லயா? பண்ணுங்க. நம்பர் சொல்றேன். வேண்டாம், கூட்டாதீங்க, சும்மா அடிங்க.

அடிக்குதுங்களா?

எடுத்துட்டாளா? சொல்லுங்க, அண்ணன் பக்கத்துல இருக்கறாருன்னு சொல்லுங்க. நான் பேசலைங்க, நீங்களே சொல்லுங்க. என்னங்கறா? ஆமா, அவளுக்கு இது புது நம்பரு... அண்ணன்னு சொல்லிட்டு எவனோ பேசறான்னு நெனைக்கறா. அவளும் பட்டவ சார். எங்க அண்ணன் எனக்குத் தங்கச்சியே இல்லைன்னு எழுதிட்டாருங்கறாளா? வெச்சுராத அம்மிணின்னு சொல்லுங்க. வெக்கப் போறாளா?

என்ன கேக்கறா? இன்னொரு தடவை சொல்லுங்க.

நெசமா அண்ணனா இருந்தா ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டுமாமா? அன்னைக்குக் குடுக்கச் சொன்னது யாருன்னு?

குடுங்க போனை. ஸ்பீக்கருல இருக்குதா? இருக்கட்டும். பின்சீட்டுக்காரரு பாத்தாப் பாக்கட்டும், எல்லாரும் பாக்கட்டும்.

அம்மிணி. நான்தான். அண்ணன்தான் பேசறேன். நான்தான் சொன்னேன். அவரு வேண்டாம்னாரு, யாருக்கும் சொல்லாதீங்கன்னு எழுதியிருக்குதுன்னு சொன்னாரு. நான்தான் கூட்டுத்தொகை ஆறு வருது, பேசாமக் குடுங்கன்னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். நான்தான் அம்மிணி.

அம்மிணி?

வெக்கலைங்க சார். வெக்கலை, கேக்குது பாருங்க. அந்தப் பக்கம் யார்கிட்டயோ பேசறா. ஆசாரிகிட்ட. "ஊசியைக் கீழ வைங்க, குமரேசண்ணா நீங்க எந்திரிங்க, பையன் மாமன் வந்துட்டிருக்கறாரு, வந்ததுக்கப்புறம் குத்திக்கலாம்"ங்கறா.

நேரம் பதினொன்னரையோட முடியுது, தாண்டிருமேங்கறான் குமரேசன். தாண்டுனாத் தாண்டட்டும்டா.

கண்டக்டரு! ஏனுங்க கண்டக்டரு, விசிலடிங்க, நான் எறங்கோணும்.